மென்குவிய வில்லையா, மென்விம்ப வில்லையா?

வணக்கம் அண்ணை,

சொஃப்ட் ஃபோகஸ் லென்ஸுக்கு (soft focus lens, படத்தை மிருதுவாகக் காட்டும் லென்ஸ்) எங்கள் கலைச்சொற் பட்டியலில் போட நீங்கள் சொன்ன ‘மென்குவிய வில்லை’ வாய்க்கு நன்றாகத்தான் வருகிறது, ஆனால் பொருள் பிழைத்துப் போகிறது. கேட்கிறவர் குவியம் சரியாக விழாத லென்ஸ் என்றுதான் எடுத்துக்கொள்வார். யாழ்ப்பாணத்தில் சாமத்திய வீட்டுக்குப் படம் எடுக்கிற எந்தப் பெடியனைக் கேட்டாலும், ஃபோகஸ் தப்பின படம் வேறு, சொஃப்ட் படம் வேறு என்பான். ‘மங்கல் வில்லை’ என்று வைத்தாலும் இதே குறைதான்.

இந்தப் பழைய லென்ஸ்களில் குவியம் சரியாகவே விழுகிறது. கோளப் பிறழ்ச்சியை (spherical aberration, லென்ஸின் நடுவாலும் ஓரத்தாலும் வரும் ஒளி ஒரே இடத்தில் குவியாத குறையை) மட்டும் வேண்டுமென்றே முழுதாகத் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள். அதனால் நடுவால் வரும் ஒளி கூரான விம்பத்தைத் தர, ஓரத்தால் வரும் ஒளி கொஞ்சம் முன்னாலேயே குவிந்து, அந்தக் கூர்மைக்கு மேலே மெல்லிய ஒளியாகப் படர்கிறது. பெண்பிள்ளையின் இமைமயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம், ஆனால் கன்னத்துத் தோல் மிருதுவாகிவிடும், தோட்டுக் கல்லில் பட்ட வெளிச்சம் தன்னைச் சுற்றி ஒரு வட்டம் கட்டிவிடும். லென்ஸில் ஒளி புகும் துவாரத்தை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினால் ஓரத்து ஒளி அடைபட்டு, அதே லென்ஸ் பெரும்பாலும் சாதாரண லென்ஸ் மாதிரி வேலை செய்யும்.

செய்தவர்களும் இந்த ஓரத்து ஒளியைத்தான் கையாண்டார்கள். ரோடன்ஸ்டொக் நிறுவனத்தின் இமாகொன் லென்ஸோடு வரும் தட்டில் நடுவில் ஒரு பெரிய துளை, சுற்றிவர சின்னத் துளைகள், அந்தச் சின்னத் துளைகளைத் திறந்து மூடித்தான் மென்மையைக் கூட்டுவதும் குறைப்பதும். 1935இல் வந்த லைட்ஸ் நிறுவனத்தின் தம்பார் லென்ஸ் (90 மி.மீ., எஃப் 2.2) இன்னும் ஒரு படி மேலே போனது. நடுவில் ஒளிபுகாத வட்டப் பொட்டு வைத்த வடிகட்டி ஒன்று அதோடு வரும், அதைப் பூட்டினால் நடு ஒளி தடைபட்டு ஓரத்து ஒளியே படத்தை வரையும்.

ஆகவே மென்மை குவியத்தில் இல்லை, விம்பத்தில் இருக்கிறது. ‘மென்விம்ப வில்லை’ என்று வைப்போம். விம்பம், குவியத்தூரம் எல்லாம் எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்துச் சொற்கள்தானே. தமிழ்நாட்டு நண்பர்கள் ‘மென்பிம்ப வில்லை’ என்று எழுதினாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

அப்புறம் தோட்டுக் கல்லைச் சுற்றிக் கட்டும் அந்த ஒளி வட்டம். நிலவைச் சுற்றி வருவதற்குப் ‘பரிவேடம்’ என்று நல்ல பழைய சொல் இருக்க, ஏன் புதிதாக ஒன்று? அதையே எடுக்கலாம்.

பட்டியலில் இப்படிப் போட நினைக்கிறேன்: மென்விம்ப வில்லை – கோளப் பிறழ்ச்சியை வேண்டுமென்றே விட்டுவைத்த, உருவப்படத்துக்கான வில்லை. ‘உருவப்படத்துக்கான’ என்பதை வைப்பதா எடுப்பதா என்று சொல்லுங்கோ, தரைக்காட்சிக்கும் இவற்றைப் பாவித்திருக்கிறார்கள்.