எட்டா பாடாத ‘எக்ஸ்டஸி ஆஃப் கோல்ட்’

பழையகேசட்: "‘மோரிக்கோனே 60’ வந்தபின் 1966 பதிவு எதற்கு?" என்று மேற்குக்காற்று நேற்று எழுதியிருக்கிறார். அந்த இத்தாலிய இசையமைப்பாளர் தன் பழைய திரை இசையை மறுபடி பதிவு செய்த தொகுப்பு அது; 1966 பதிவு ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி’ படத்துக்கானது, ‘எக்ஸ்டஸி ஆஃப் கோல்ட்’ அதில் வரும் இசை. படித்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை. புதியதில், படப் பதிவில் பாடிய எட்டா டெல்லோர்சோ பாடவில்லை, ஐயா! படத்தில் கொள்ளைக்காரன் டூக்கோ தங்கம் தேடிக் கல்லறைகளுக்கு நடுவே ஓடத் தொடங்குவான். முதலில் பியானோ, அதன் மேல் கோர் ஆங்லே குழல், அப்புறம் எட்டா. சொல்லே கிடையாது, வெறும் குரல். அது ஏற ஏறத்தான் அவனுடைய தங்க வெறி நமக்கும் பிடிக்கும். அவர் இல்லாமல் அது என்ன தொகுப்பு?

மேற்குக்காற்று: இசையமைத்தவரே செக் தேசிய சிம்பொனி இசைக்குழுவை நடத்தி, தன் 60 ஆண்டு இசைவாழ்வுக்காக 2016இல் வெளியிட்டது. அவருக்கே திருப்தி. உங்களுக்கு என்ன குறை?

பழையகேசட்: எட்டா பாடினாரா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

நடுவிசை: இந்தப் படம் சேர்ந்த ‘டாலர்’ பட வரிசையின் முதல் படத்தில் பெரிய இசைக்குழுவுக்குப் பணம் இல்லை. விசில், சாட்டை, துப்பாக்கிச் சத்தம், மின் கிட்டார் என்று சமாளித்தார். அந்த இசையை முழுக் குழுவோடு கேட்பது தனிச் சுகம்தானே? அப்புறம், அவர் பெயர் மொரிக்கோனே. ‘மோ’ இல்லை.

பழையகேசட்: பெயரைத் திருத்துகிறவர் முழுதாகத் திருத்தவும். இத்தாலிய மொழியில் அந்தப் பெயருக்கு இரட்டை ‘ர்’ உண்டு. மொர்ரிக்கோனே.

நடுவிசை: ‘மோ’ என்று நான் எழுதவில்லையே. ‘மோரிக்கோனே 60’ என்று எழுதியவரைக் கேளுங்கள்.

மேற்குக்காற்று: எழுத்துச் சண்டையை விடுங்கள். அவருடைய ‘ஹேட்ஃபுல் எய்ட்’ பட இசையை வாசித்ததும் இதே செக் குழுதான். அதற்குத்தான் 2016இல் ஆஸ்கார் கொடுத்தார்கள்.

பழையகேசட்: ஆஸ்காரா! 2007இல் கௌரவ விருது கொடுத்து அனுப்பிவிட்டு, போட்டியில் ஒன்று கொடுக்க அவருக்கு 87 வயது ஆகும்வரை காத்திருந்தவர்கள். அவர்கள் சான்றிதழ் எனக்கு வேண்டாம். மெட்டாலிக்கா 1983 முதல் மேடையேறும் முன் ஒலிக்கவிடுவது எது? படத்தின் பதிவு. அதில் பாடுவது யார்? எட்டா.

மேற்குக்காற்று: ராக் குழுவின் ரசனைதான் அளவுகோலா? ஒலித் தெளிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள்.

பழையகேசட்: ‘கிளாடியேட்டர்’ பட இசை பற்றிய விவாதத்திலும் இப்படித்தான். அதில் பாடிய லிசா ஜெரார்டின் குரலைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் ஒலித் தெளிவுக்குத் தாவி, அப்புறம் ஆளையே காணோம். நான் மறக்கவில்லை.

மேற்குக்காற்று: அன்று எனக்கு வேலை இருந்தது. இன்றும் சொல்கிறேன், புதிய பதிவில் வயலின்கள் தனித்தனியாகக் கேட்கின்றன.

பழையகேசட்: கேட்கட்டும். எட்டா கேட்கிறாரா?