மறு: ‘ஸ்மூத் நம்பர்’ என்பதற்கு ‘அரிபடு எண்’

குழுவினருக்கு வணக்கம். முதன்மைக் காரணிகள் (தமிழக நண்பர்களுக்கு: பகாக் காரணிகள்) எல்லாமே ஒரு குறித்த எல்லைக்குள் அடங்கும் எண்ணை ஆங்கிலத்தில் ‘ஸ்மூத் நம்பர்’ என்பார்கள். அதற்கு நான் முன்வைக்கும் தமிழ்ச்சொல் ‘அரிபடு எண்’. வந்த மறுப்புகளுக்கு என் பதில் இது.

> ‘ஒப்பமான எண்’ என்றே வைக்கலாமே. மூலச் சொல்லின் பொருள் அதுதானே.

ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. நான் இலங்கையின் கல்முனையில் உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். எங்கள் இணைந்த கணிதத்தில் ‘ஒப்பமான மேசை’ என்றால் உராய்வு இல்லாத மேசை. அதே சொல்லை எண்ணுக்கு வைத்தால் பிள்ளைகள் உராய்வைத்தான் தேடுவார்கள்.

இந்த எண்ணின் குணம் வேறு. 1 முதல் 20 வரை எல்லாவற்றையும் பெருக்கினால் 2432902008176640000 வரும். 19 இலக்கம். பார்க்க மலைப்பாக இருக்கும், ஆனால் உடைத்தால் 19ஐத் தாண்டி ஒரு முதன்மைக் காரணியும் கிடையாது. 2இன் 67ஆம் வலுவிலிருந்து (அடுக்கிலிருந்து) 1ஐக் கழித்தால் வருவது 147573952589676412927. முன்னதைப் போல 60 மடங்குதான் பெரிது. ஆனால் அது 193707721, 761838257287 என்ற இரண்டே முதன்மை எண்களின் பெருக்கம். அவற்றைக் கண்டுபிடித்து 1903இல் அறிவித்தவர் கணிதவியலாளர் பிராங்க் நெல்சன் கோல். பருமன் ஒன்று, உடையும் விதம் இன்னொன்று. நாம் தேடும் சொல் இந்த இரண்டாவதைச் சொல்ல வேண்டும்.

> அப்படியானால் ‘சிறுகாரணி எண்’ போதும்.

போதாது அக்கா. கோலின் எண்ணை 2ஆல் பெருக்கிப் பாருங்கள். 2 என்ற சிறு காரணி வந்துவிட்டது, பெரிய காரணிகள் இரண்டும் அப்படியே கிடக்கின்றன. ஒரு காரணி சிறிதாய் இருந்தால் காணாது, அத்தனையும் ஓர் எல்லைக்குள் அடங்க வேண்டும்.

பிட்டுக்கு அம்மா மா இடித்து அரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. அரிதட்டை இரண்டு கையாலும் பிடித்து, மணிக்கட்டால் தட்டித் தட்டி ஆட்டுவார். தட்டின் கண்ணுக்கு (துளைக்கு) அடங்கியதெல்லாம் கீழே ஓலைப்பாயில் விழும், அடங்காத கப்பி தட்டில் நிற்கும். தட்டை மாற்றினால் விழுவதும் மாறும். 7 என்ற தட்டில் எல்லா முதன்மைக் காரணியும் விழுந்தால், அதாவது எதுவும் 7ஐத் தாண்டாவிட்டால், அது ‘7-அரிபடு எண்’. மேலே சொன்ன 19 இலக்க எண் ‘19-அரிபடு எண்’.

இதன் எதிர்ச்சொல்லில் கவனம் வேண்டும். ‘அரிபடா எண்’ என்று எழுதிவிடத் தோன்றும். 7 என்ற தட்டில் 22ஐப் போட்டால் 2 விழும், 11 நிற்கும். 22 அரிபடவில்லை என்பது சரி, ஆனால் முழுதாகத் தங்கவும் இல்லை. 143ஐப் போட்டால் 11, 13 இரண்டுமே தங்கும். எல்லாக் காரணியும் தங்கும் இந்த வகைக்கு ‘தங்கு எண்’ என்று தனிப்பெயர் வேண்டும். ‘கப்பி எண்’ என்று வைக்கத்தான் ஆசை, ஆனால் கப்பியை எங்கள் பௌதிகவியல் கயிறு ஓடும் சில்லுக்கு எடுத்துக்கொண்டுவிட்டது.

பெயர் வசனத்தில் ஓடுகிறதா என்றும் பார்த்தேன். கணிதவியலாளர் ஜோன் பொலார்ட் 1974இல் தந்த காரணி காணும் முறையை இப்படிச் சொல்லலாம்: ‘ஒரு முதன்மைக் காரணியிலிருந்து 1ஐக் கழித்து வருவது சிறு தட்டிலேயே அரிபடு எண்ணாக இருந்தால், அக்காரணி விரைவில் அகப்படும்.’ கோலின் சிறிய காரணியில் 1ஐக் கழித்தால் 193707720. அது 8, 27, 5, 67, 2677 ஆகியவற்றின் பெருக்கம், ஆகவே 2677-அரிபடு எண். ஒன்பது இலக்க எண் நாலிலக்கத் தட்டில் முழுதாக விழுந்துவிடுகிறது!

‘அரி’ என்றால் கறையான் அரிப்பதும் சொறிவதும் நினைவுக்கு வரும் என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். தமிழகத்தில் மாவைச் சலிப்பார்கள் என்பதும் தெரியும். ஆனால் ‘சலிபடு’ என்றால் சலிப்பு முன்னே வந்து நிற்கிறது. ‘அரிசி அரித்தல்’ இரு கரைக்கும் பழக்கமான பேச்சு, அதனால் ‘அரிபடு’ நிற்கும் என்றே நம்புகிறேன்.

ஒன்றை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்: ‘7-அரிபடு எண்’ என்று கோடு போட்டு எழுதுவதா, ‘7இல் அரிபடும் எண்’ என்று விரித்து எழுதுவதா? வகுப்பில் வாயால் சொல்லும்போது எனக்கு இரண்டாவதுதான் வருகிறது.