தோட்டத்து கேஸ் ஃப்ரிட்ஜ்: குடும்பக் குழுவில் பேசியது

செல்வி: மாமா, கடையம் தோட்டத்துல சிலிண்டர் தீயில ஓடுத கேஸ் ஃப்ரிட்ஜ் இருக்குல்லா, அதுல தீ நீலமா நல்லாத்தான் எரியுது, குளிரே இல்ல. கம்ப்ரெஸர் போச்சோ? கேஸ் ஏத்த ஆள் கூப்பிடவா?

ஆறுமுகம்: அதுல கம்ப்ரெஸரே கிடையாது தாயி. ஆளும் கூப்பிடாத. உள்ள இருக்கது அம்மோனியா, தண்ணி, ஹைட்ரஜன். கம்பெனிலயே வெல்டு வச்சு அடைச்சது, ஏத்த வழியே கிடையாது. பெட்டி மட்டமா நிக்கா?

செல்வி: ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு. மழைக்குத் தரை இறங்கிட்டு.

ஆறுமுகம்: உடனே தீயை அணை. சிலிண்டர் வால்வையும் மூடு.

இசக்கி: தீ வச்சா எப்படி சித்தப்பா குளிரும்?

ஆறுமுகம்: தீ படுத அடிக்குழாயில அம்மோனியா கரைஞ்ச தண்ணி கொதிக்கும். குமிழ்தான் அதுக்கு பம்பு, மெல்லிசு குழாய் வழியா தண்ணியை மேல தூக்கிரும். அம்மோனியா ஆவி பிரிஞ்சு, பின்பக்கத்து தகட்டுக் குழாயில ஆறி திரவமாயி, ஃப்ரீசருக்குள்ள இறங்கும்.

அங்க ஹைட்ரஜன் காத்துக்கிடக்கு. மொத்த அழுத்தம் எல்லா இடத்துலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். அதுல பெரும்பங்கு ஹைட்ரஜனுக்குப் போயிருததால அம்மோனியாவோட பங்கு குறைஞ்சிருது. ஈரத்துணி கொதிக்காமலே காயுதுல்லா, அந்தக் கணக்குல ஆவியாவும். அப்பதான் பெட்டிச் சூட்டை இழுக்கும். பெறவு கீழ, அம்மோனியா குறைஞ்ச தண்ணி அந்த ஆவியை உறிஞ்சிக்கிட்டு மறுபடி தீக்குப் போவும். ஹைட்ரஜன் கரையாது, மேல திரும்பிரும்.

இசக்கி: 1922ல சுவீடன்ல ஃபான் பிளாட்டன், முண்டர்ஸ்னு படிச்சிட்டிருந்த ரெண்டு பேர் கண்டுபிடிச்சது. அசையுத பாகம் ஒண்ணுகூட இல்லாம! சரிஞ்சா என்னாவும்?

ஆறுமுகம்: எல்லாமே தன் எடையில வடியணும். சரிஞ்சா வளைவுல தேங்கிரும், அடிக்குழாய்க்கு தண்ணி வராது, வறண்டு காயும். குழாய் துருப்பிடிக்காம இருக்கப் போட்ட சோடியம் குரோமேட் கட்டி தட்டி அடைச்சிட்டுன்னா யூனிட்டையே, அதாவது அந்தக் குழாய்த் தொகுதியையே, மாத்தணும். 3 டிகிரிக்கு மேல சரிவு ஆவாது.

இசக்கி: மைனி, பின்னால மஞ்சப் பொடி, மூக்கை எரிக்குத வாடை உண்டா?

செல்வி: ரெண்டும் இல்ல.

இசக்கி: நல்லது. இருந்தா யூனிட்ல ஓட்டை. அந்தப் பொடி சித்தப்பா சொன்ன சோடியம் குரோமேட், விஷம், கை வைக்கப்படாது, தீயும் பத்த வைக்கப்படாது.

ஆறுமுகம்: ஃப்ரீசர் தளத்துல ரசமட்டம் வச்சு, கால் திருகைத் திருகி சரி பண்ணு. ராத்திரி முழுக்க அணைச்சே கிடக்கட்டும், தேங்கினது வடியட்டும். காலைல பத்த வச்சு, பின்பக்கம் மேல் தகட்டைத் தடவிப் பாரு. அடி சுட்டும் அது வெதுவெதுப்பு ஆகலன்னா குமிழ் ஏறல. குளிர் பிடிக்க அரை நாளாவும், கதவைத் திறந்து திறந்து பாக்காத.

செல்வி: தீ மஞ்சளா மாறினா?

ஆறுமுகம்: கேஸ் வார சின்ன ஓட்டை, ஜெட்டு, அதுல தூசி, இல்லன்னா புகைக்குழாயில கரி. ஜெட்டை ஊசியால குத்தாத, ஓட்டை பெருசாயிரும். ஸ்பிரிட்டுல ஊறப்போட்டு காய வை. வீட்டு ரெகுலேட்டரே போதும், 30 மில்லிபார். பின்னால சாக்கு மூட்டையை அண்டக் கொடுக்காத, சூடு வெளியேறணும். ஜன்னல் எப்பவும் திறந்திருக்கணும், மஞ்சத் தீயில கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு வாடையே கிடையாது.

செல்வி: சரி மாமா, அணைச்சாச்சு. ரசமட்டம் கொத்தனார்ட்ட கேட்டிருக்கேன்.

இசக்கி: முன்ன பின்ன மட்டும் பாக்காதீங்க மைனி, இடவலமும் பாருங்க.