இம்மிச் டேட்டா ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு மாற்றினேன், நாலு நாள் கழித்து எல்லாம் காலி

சர்வரின் டிஸ்க் நிரம்பிவிட்டதால் இம்மிச்சின் (சொந்த சர்வரிலேயே படங்களைச் சேமித்துப் பார்க்கும் ஆப்) படங்கள் இருந்த ஃபோல்டரையும் அதன் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸின் ஃபோல்டரையும் புது டிஸ்க்குக்கு மாற்றினேன். மகள் பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் அத்தனையும் அதில்தான் இருக்கின்றன, அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்றே ஒதுக்கினேன்.

இம்மிச் டாக்கர் கன்டெய்னர்களில், அதாவது தனித்தனிப் பெட்டிகள் போல, ஓடுகிறது. முதலில் அவற்றை ஒன்றாக இயக்கும் டாக்கர் கம்போஸில் டவுன் கட்டளை கொடுத்து எல்லாவற்றையும் நிறுத்தினேன். டேட்டாபேஸ் ஓடும்போதே காப்பி செய்தால் ஒரு ஃபைல் பழைய நிலையிலும் இன்னொன்று புது நிலையிலும் போய்ச் சேரும், காப்பி என்னவோ ஒழுங்காக முடிந்த மாதிரிதான் தெரியும். அப்புறம் ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள யூசராக) இருந்து, ஆர்சிங்க் கட்டளையால் காப்பி. மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், போடாவிட்டால் ஃபோல்டரே போய் உட்காரும். ஓனர் விஷயத்திலும் கவனம் வேண்டும், ஏனென்றால் கன்டெய்னருக்கு யூசரின் பெயர் முக்கியமில்லை, யூசர் எண்தான் கணக்கு. டெபியன் லினக்ஸ் வழி போஸ்ட்கிரெஸ் இமேஜில் (கன்டெய்னர் உருவாகும் மூலப் பொதி) அது 999, ஆல்பைன் லினக்ஸ் வழி இமேஜில் 70. ஹோஸ்டில், அதாவது கன்டெய்னருக்கு வெளியே சர்வரில், லிஸ்ட் போட்டால் 999-க்கு நேரே சம்பந்தமே இல்லாத ஒரு சர்வீஸின் பெயர் வரலாம், அதைப் பார்த்துப் பதறி ஓனரை மாற்றிவிடாதீர்கள். பெர்மிஷனும் 0700 அல்லது 0750 ஆக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ் எழுந்திருக்காது.

மாலைக்குள் எல்லாம் சரியாக ஓடியது. மூன்று நாள் பார்த்துவிட்டு, இடம் வேண்டுமே என்று பழைய ஃபோல்டரை அழித்தேன். மறுநாள் கர்னல் அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் செய்து இம்மிச்சைத் திறந்தால், புதிதாக அட்மின் கணக்கு தொடங்கச் சொல்லும் வரவேற்புப் பக்கம். கை நடுங்கிவிட்டது. பாதி மின்னஞ்சல் முகவரியைத் தட்டிய பிறகுதான், ஒரு நிமிஷம், முதலில் டிஸ்க்கைப் பார்ப்போம் என்று நிறுத்தினேன். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் டிஎஃப் கட்டளையைக் கொடுத்தேன். புது டிஸ்க் பட்டியலிலேயே இல்லை.

நடந்தது இதுதான். பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே மவுன்ட் செய்வது (இணைப்பது) என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் டிஸ்க்கை எஸ்டிபி என்ற வரிசைப் பெயரால் எழுதியிருந்தேன், ரீஸ்டார்ட்டில் வரிசை மாறி அது எஸ்டிசி ஆகிவிட்டது. டிஸ்க் கிடைக்காவிட்டாலும் நிற்காதே என்னும் நோஃபெயில் அமைப்பு இருந்ததால் பூட் எதுவும் சொல்லாமல் தாண்டிப் போய்விட்டது. மவுன்ட் ஆகாத அந்த இடத்தில் ஃபோல்டர் இல்லை என்றதும் டாக்கரே ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கிக் கொடுத்தது, போஸ்ட்கிரெஸ் அதில் புது டேட்டாபேஸைத் தொடங்கிவிட்டது. படங்களின் ஃபோல்டர் மட்டும் காணாமல் போயிருந்தால் இம்மிச் அதற்குள் வைத்திருக்கும் அடையாள ஃபைலைத் தேடிப் பார்த்துக் கிளம்ப மறுத்திருக்கும். இங்கே டேட்டாபேஸும் சேர்ந்தே காலி, அதனால் புது நிறுவல் என்றே நினைத்துக்கொண்டது. கன்டெய்னர்களை நிறுத்தி, அந்தக் காலி ஃபோல்டர்களின் பெயரை மாற்றி வைத்து, எஃப்எஸ்டேபில் டிஸ்க்கின் மாறாத அடையாள எண்ணான யூயுஐடியை எழுதி மவுன்ட் செய்தேன். ஒரு படமும் போகவில்லை.

பதில்:
எனக்கும் இப்படித்தான் காலியாக வந்தது, காரணம் வேறு. நான் நேம்டு வால்யூம் ஆள், அதாவது டேட்டாவை டாக்கரே பெயர் வைத்து நிர்வகிக்கும் சேமிப்பிடத்தில் வைப்பவன். கம்போஸ் ஃபைல் இருந்த ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றினேன், டேட்டாவைத் தொடவே இல்லை. கம்போஸ் வால்யூம் பெயருக்கு முன்னால் ப்ராஜெக்ட் பெயரைச் சேர்க்கும், ப்ராஜெக்ட் பெயர் என்பது தனியாகச் சொல்லாதவரை அந்த ஃபோல்டரின் பெயர்தான். வால்யூம் பட்டியலைப் போட்டபோது இரண்டு வரிகள், பின்பாதி ஒன்றே, முன்பாதி வேறு. கம்போஸ் ஃபைலின் தலையில் பழைய பெயரை எழுதியதும் எல்லாம் திரும்பி வந்தது. அந்தக் குழப்பத்தில் டவுனோடு, வால்யூம்களையும் அழிக்கும் 'வி'யைச் சேர்த்துக் கொடுக்காமல் இருந்தேனே, அதுதான் பெரிய விஷயம், பழைய பெயர் போட்ட பிறகு அதைக் கொடுத்திருந்தால் உண்மையான வால்யூமே அழிந்திருக்கும்.

நண்பரே, உங்கள் சிக்கலுக்கு ஒன்று: டிஸ்க்கை அன்மவுன்ட் செய்துவிட்டு, அந்தக் காலி மவுன்ட் பாயின்ட்டுக்கு (டிஸ்க் வந்து இணையும் ஃபோல்டர்) சிஹெச்ஆட்டர் ப்ளஸ் ஐ கட்டளை கொடுத்துப் பூட்டிவிடுங்கள். ரூட்டாலும் அதற்குள் எதையும் உருவாக்க முடியாது.

பதில்:
நன்றிங்க, செய்துவிட்டேன். கூடவே கம்போஸில் பைண்ட் மவுன்ட்டை (ஹோஸ்ட் ஃபோல்டரைக் கன்டெய்னருக்குள் காட்டும் வரி) நீள வடிவில் எழுதி, ஹோஸ்ட் ஃபோல்டரைத் தானாக உருவாக்கும் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினேன். டிஸ்க்கை வேண்டுமென்றே கழற்றி, கம்போஸ் அப் (எல்லாவற்றையும் கிளப்பும் கட்டளை) கொடுத்துப் பார்த்தேன். ஃபோல்டர் இல்லை என்று சிவப்பில் ஒரு வரி வந்து அங்கேயே நின்றுவிட்டது.