‘அண்டர்கவர் பாஸ்’ நிகழ்ச்சியை மேலாண்மை வகுப்பில் பாடமாகக் காட்டலாமா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு கல்லூரியில் எம்பிஏ மாணவர்களுக்கு மனிதவள மேலாண்மை கற்பிக்கிறேன். நிறுவனத் தலைவர் ஒருவர் மாறுவேடம் பூண்டு, தம் நிறுவனத்திலேயே கடைநிலைப் பணியாளராகச் சில நாள் வேலை பார்க்கும் ‘அண்டர்கவர் பாஸ்’ நிகழ்ச்சியின் ஒரு பகுதியை வரும் பருவத்தில் வகுப்பில் திரையிட எண்ணியிருக்கிறேன். நான் தேர்ந்தெடுத்திருப்பது, 2010 பிப்ரவரி 7 அன்று அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஆட்டம் முடிந்த கையோடு சிபிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய முதல் அமெரிக்கப் பகுதி. குப்பை அகற்றும் பெருநிறுவனமான வேஸ்ட் மேனேஜ்மென்ட்டின் தலைமை இயக்க அதிகாரி லாரி ஓ'டானல் அதில் நடமாடும் கழிப்பறைகளைக் கழுவுகிறார். குப்பைமேட்டில் பறக்கும் காகிதங்களைப் போதிய வேகத்தில் பொறுக்கவில்லை என்று வேலையிலிருந்தும் நீக்கப்படுகிறார்.

அந்தப் பகுதியில் இரண்டு காட்சிகள் இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. குப்பை வண்டி ஓட்டும் ஒரு பெண், வழியில் நிறுத்த நேரமில்லாததால் ஒரு டப்பாவில் சிறுநீர் கழிக்க வேண்டியிருப்பதைச் சொல்கிறார். மறுசுழற்சிக் கூடத்தில், உணவு இடைவேளை முடிந்து ஒரு நிமிடம் தாமதமாகத் திரும்பினால் இரண்டு நிமிடச் சம்பளம் பிடிக்கப்படும் என்பதால், ஒரு பெண் பணியாளர் வருகைப் பதிவுக் கடிகாரத்தை நோக்கி ஓடுகிறார். இவற்றின் பின்னால் இருப்பது, உற்பத்தித்திறனை உயர்த்துவதற்காகத் தலைமை அலுவலகத்திலிருந்து தாம் கொடுத்த அழுத்தமே என்பது ஓ'டானலுக்குப் புரிகிறது. ஆனால் இறுதிக் கட்டத்தில் பதவி உயர்வு, பாராட்டு, கண்ணீர் என்று நிகழ்ச்சி நெகிழ்ச்சியாக முடிந்துவிடுகிறது. சென்ற ஆண்டு இதைக் காட்டியபோது மாணவர்கள் கைதட்டினார்கள். அந்த இரட்டை நிமிட விதியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் தயங்குகிறேன். உங்கள் கருத்து என்ன?

மறுமொழி 1:

நான் அமெரிக்காவில் ஒரு சரக்குக் கிடங்கில் ஒன்பது ஆண்டுகளாக ஷிப்ட் மேற்பார்வையாளராக இருக்கிறேன். அந்தக் கடிகாரக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது, ஏனெனில் அதே போன்ற ஒரு விதியை நடைமுறைப்படுத்துவது என் வேலையின் ஒரு பகுதியாக இருந்தது.

எங்கள் நிறுவனத்தின் துணைத் தலைவர் ஒருமுறை நேரடியாகவே பார்வையிட வந்தார். அவர் வருவதற்கு முந்தைய இரவு, தரையில் உரிந்துபோயிருந்த மஞ்சள் கோடுகளுக்குப் புதிதாக வண்ணம் அடித்தோம். பெட்டி பெட்டியாகப் புதுக் கையுறைகள் வந்தன. அவர் நடந்து சென்ற அரை மணி நேரமும் சரக்கு நகரும் பெல்ட்டின் வேகம் குறைக்கப்பட்டிருந்தது. அவர் கார் வாசலைத் தாண்டியதும் பெல்ட் பழைய வேகத்துக்குத் திரும்பியது. பிரிக்காத கையுறைப் பெட்டிகளைப் பொருள் அறையில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள், பூட்டியவன் நான்தான். அந்தத் துணைத் தலைவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் பார்த்தது எதுவோ அதையே நம்பினார். அதனால், மாறுவேடத்தில் வருவது வீண் வேலை என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது. கீழே நடப்பது மேலே போய்ச் சேரும் வழியில் எங்களைப் போன்றவர்கள் நிற்கிறோம், நாங்களும் எங்கள் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நிகழ்ச்சியைக் காட்டுங்கள் அம்மா.

மறுமொழி 2:

தொலைக்காட்சித் தயாரிப்பில் இருப்பவன் என்ற முறையில், இந்நிகழ்ச்சியில் பணியாற்றியவன் இல்லை எனினும், ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஸ்டீபன் லாம்பர்ட் உருவாக்கி 2009-இல் பிரிட்டனின் சேனல் 4 வழியாக வந்த இந்த நிகழ்ச்சி வடிவம், அமெரிக்காவில் 2012, 2013 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்றது. ஆனால் எந்த நிறுவனமும் தன் சம்மதமில்லாமல் இதில் இடம்பெறுவதில்லை. தலைவருக்கு எல்லாம் தெரியும். பணியாளருக்கோ, கேமரா வேறு ஏதோ ஒரு நிகழ்ச்சிக்காக வந்திருப்பதாகச் சொல்லப்படுகிறது. இந்த ஏற்றத்தாழ்வை மாணவர்கள் முதலில் உணர வேண்டும்.

மேலும், பல்லாயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் நம் கண்ணில் படுவது நான்கைந்து பேர் மட்டுமே. நோயோ, கடனோ, குடும்பத் துயரமோ உள்ளவர்களின் கதை திரையில் எடுபடும் என்பதால், உதவியும் அவர்களுக்கே போய்ச் சேர்கிறது. அதே துயரத்தோடு அடுத்த ஊர்க் கிளையில் நிற்பவருக்கு எதுவும் இல்லை. கேமராவின் முன் தவறியவருக்கோ தண்டனையும் அங்கேயே கிடைத்துவிடுகிறது. 2014-இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில், பிகினி மேலுடை அணிய மறுத்த மதுக்கூடப் பணிப்பெண் ஒருவரை உரிமையாளர் வேலையைவிட்டு நீக்கினார். அதே பகுதியில் வேறொரு பெண்ணுக்கு மார்பக அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தருவதாக அறிவித்தார். பணியாளரைக் கேட்டறிவது என்பதன் நேர் எதிர் அது. முதல் பகுதியோடு இதையும் சேர்த்துக் காட்டினால்தான் படம் முழுமையாகும் என்பது என் எண்ணம்.

மறுமொழி 3:

மாறுவேடத்தில் நகர்சோதனை போவது நமக்குப் புதிதன்று. பொற்கைப் பாண்டியன் கதையை மாணவர்களுக்கு நினைவூட்டலாம். இரவில் காவல் சுற்றி வந்த பாண்டியன், கீரந்தை என்பவனின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, அந்த வீட்டார்மேல் பழி வரக்கூடாது என்று தெருவில் இருந்த எல்லாக் கதவுகளையும் தட்டினான். மறுநாள், கதவைத் தட்டிய கை குற்றமுடையது என்று தன் கையையே வெட்டிக்கொண்டான். வெளியே போய்ப் பார்த்த அரசன், தண்டனையைத் தன்னிலிருந்து தொடங்கினான். நிகழ்ச்சியில் நான் தேடிப் பார்ப்பதும் அதைத்தான்: தலைவர் எவ்வளவு கொடுத்தார் என்பதைவிட, தாம் போட்ட எந்த விதியைத் தாமே எடுத்தார் என்பது.

அந்த அளவுகோலில் பார்த்தால், இரட்டை நிமிடப் பிடித்தம் நிறுத்தப்பட்டது உண்மையான பயன். நிகழ்ச்சியில் அதற்குக் கிடைத்த நேரமோ மிகக் குறைவு. அந்தக் கூடத்தில் இருந்த அனைவருக்கும் அது உதவியது, கதை சொல்லாதவர்களுக்கும் சேர்த்து. ஓ'டானல் அதே ஆண்டிலேயே நிறுவனத்தைவிட்டு விலகிவிட்டார் என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். ஒருவர் மனம் மாறியதை மட்டும் நம்பியிருந்தால் அவர் போனதும் அது போய்விடும். எழுத்தில் மாற்றிய விதிதான் அவருக்குப் பின்னும் நிற்கும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. பூட்டி வைக்கப்பட்ட கையுறைப் பெட்டிகளைப் பற்றிப் படித்தபின் இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்தப் பெண் கடிகாரத்தை நோக்கி ஓடும் காட்சியோடு திரையிடலை இடையில் நிறுத்திவைப்பேன். பரிசளிப்பைக் காட்டும் முன், அந்த நிறுவனத்தின் தாமத விதியைப் புதிதாக எழுதித் தரும்படி ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு தாள் கொடுப்பேன். அதில் மேற்பார்வையாளர் உண்மையைச் சொன்னால் அவருக்கு என்ன பாதுகாப்பு என்ற வரியும் இருக்க வேண்டும் என்று கேட்கப்போகிறேன். தாள்கள் வந்தபின் சிலவற்றை இங்கே பகிர்கிறேன். கிடங்கு நண்பர் அவற்றைப் படித்து, நடைமுறைக்கு ஒத்துவராத இடங்களைக் குறித்துத் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.