நீர் எலிமெண்டல் குளத்தை நிரப்புமா? அவசரம்

மடைக்காவல்:
ராத்திரி டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடுகிற விளையாட்டு) ஆட்டம் இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க. கதையில் ஒரு கால்வாய், நம்ம தாமிரபரணி கன்னடியன் கால்வாய் மாதிரி. மேல்மடைக்காரர்கள் மதகை அடைத்துவிட்டார்கள், கடைமடைக் குளம் காய்ந்து கிடக்கிறது. ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) ஆடுகிற தம்பி நீர் எலிமெண்டலை (நீர்ப் பூதத்தை) வரவழைத்துக் குளத்தை நிரப்பப் போகிறானாம். விடலாமா?

குறுக்குத்துறை:
விதிப்புத்தகம் எந்தப் பதிப்பு, 2014ஆ 2024ஆ? ட்ரூயிட் எத்தனையாவது லெவல்? கால்வாயில் எவ்வளவு ஆழம்?

தேரிமணல்:
நீர் எதுக்கு, மண் எலிமெண்டலைக் கூப்பிடச் சொல்லுங்க. கட்டடங்களுக்கு இரட்டைச் சேதம். கரைக்குள் புகுந்து போனாலே கரை உடைந்துவிடும். எங்கள் ஆட்டத்தில் எதற்கும் மண்தான்.

விதிவாத்தியார்:
புத்தகத்தைத் திறக்காமலே பதில் சொல்ல வந்துவிடுகிறார்கள். மண் எலிமெண்டல் ஊடுருவிப் போகிற மண் கலையாது என்று அதிலேயே இருக்கிறது. கரை அப்படியே நிற்கும். 2024 விதி என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பூதத்தை வரவழைக்கிற கான்ஜூர் எலிமெண்டல் மந்திரத்தில் இப்போது வருவது தொட முடியாத ஒரு ஆவி, அதற்கு எந்த வேலையும் ஏவ முடியாது. அடிப்படை தெரிந்துகொண்டு கேளுங்கள்.

தேரிமணல்:
ஊடுருவத்தானே கலையாது? அடித்தால் உடையும்.

குறுக்குத்துறை:
2014 என்றே வைத்துக்கொள்வோம். அந்த மந்திரத்துக்கு முதலில் 10 அடிக் கனசதுரத் தண்ணீர் வேண்டும். காய்ந்த குளத்தில் அது ஏது? ஆற்றில் கசம் (ஆழமான மடு) இருக்கிற இடத்துக்குப் போகணும். உடம்பு முழுக்கத் தண்ணீர் என்றாலும் 1000 கன அடி, 28,000 லிட்டர் சொச்சம். குளத்தை நாம் மில்லியன் கன அடியில் அளக்கிறோம். ஒரு மில்லியனுக்கே ஆயிரம் எலிமெண்டல் வேண்டும்.

ஆனால் தம்பியின் யோசனையை அப்படியே தள்ளிவிடாதீங்க. நீர் எலிமெண்டல் ஒரு அங்குல இடுக்கில் நுழைந்துவிடும். பலம் 18, பெரிய உருவம், அதனால் 490 கிலோ வரை தூக்கும். மதகு இடுக்கு வழியாக உள்ளே போய் ஷட்டரைத் தூக்கட்டும். குளத்தை ஆறே நிரப்பிக்கொள்ளும். பூதத்தால் எது முடியும் என்று பார்க்க அதன் உடம்பைத்தான் பார்க்கணும், பெயரை இல்லை.

பனங்காடு:
எலிமெண்டல் எதற்கு, மதகுக்குக் காவலாக சுடலை மாடனை வையுங்க அண்ணாச்சி. நம்ம ஊர்க் கதை ஆகிவிடும்.

ஆற்றங்கரை:
வேண்டாம். எங்க வீட்டில் மாடனுக்குக் கொடை கொடுக்கிறோம். அவருக்கு ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) போட்டு, ஒரு மணி நேரம் ஏவல் செய்ய வைப்பது சரியில்லை.

பனங்காடு:
கொடையில் சாமியாடியிடம் ஊரே கேள்வி கேட்டுப் பதில் வாங்குதே?

ஆற்றங்கரை:
கேட்கிறோம், ஏவவில்லை. மாடன் சொல்வதை நாம் கேட்கிறோம்.

விதிவாத்தியார்:
இழை மதகைப் பற்றியது.

குறுக்குத்துறை:
மடைக்காவல், லெவல் சொல்லவே இல்லையே. 9 ஆகாமல் இந்த மந்திரம் கிடைக்காது. இன்னொன்று, ட்ரூயிட் அடி வாங்கி கவனம் கலைந்தால் எலிமெண்டல் மறையாது. கட்டுப்பாடு போய் இவர்கள் மேலேயே பாயும். மதகடியில் வைத்து நடந்தால் நல்ல சண்டை.

மடைக்காவல்:
2014தான், லெவல் 9. ஷட்டர் பாதி தூக்கியபோது மேல்மடைக்காரன் அம்பு ட்ரூயிட் மேல் பட்டு, கவனம் போய்விட்டது. மீதி அடுத்த வாரம். நன்றி அண்ணாச்சி.