புதுப்பிப்பு: ராத்திரியெல்லாம் கேம் ஆடும் தம்பி

கம்பத்தில் என் தம்பி விடிய விடிய வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேம் ஆடுகிறான், இது அடிமைத்தனமா என்று முன்பு கேட்டிருந்தேன். "நெட்டைப் பிடுங்கு" என்றீர்கள் பலர். பிடுங்கவில்லை.

மனநல மருத்துவரைப் பார்த்தோம். எத்தனை மணி நேரம் என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறுத்த நினைத்தால் முடிகிறதா, மற்ற காரியங்கள் பின்னுக்குப் போகின்றனவா, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறானா என்றுதான் துருவினார். 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறுக்கு அளவுகோல் இவைதான். பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். தம்பி தினமும் ஜீப் ஏறி குமுளி ஏலக்காய் ஸ்டோருக்குத் தவறாமல் போகிறான். கோளாறு இல்லை, தூக்கத்தைச் சரிசெய்யுங்கள் என்றார்.

சிக்கலே ரெய்டில்தான், அதாவது கூட்டமாகச் சேர்ந்து பெரிய எதிரிகளை வீழ்த்தும் ஆட்டத்தில். அதிலேயே கடினமான மிதிக் ரெய்டு என்றால் 20 பேர் ஒன்றாக ஆட வேண்டும், நடுவில் ஒருவர் எழுந்தால் எல்லோருக்கும் கெடும். அவன் கில்டில், அதாவது சேர்ந்து ஆடும் குழுவில், பாதிப் பேர் ஐரோப்பா. அவர்களுக்குச் சாயங்காலம், நமக்கு நடுராத்திரி. இப்போது சனிக்கிழமை மட்டும் என்று பேசி வைத்திருக்கிறான்.

சொந்தக்காரர்கள்தான் தீராத தலைவலி. "பையன் ஆன்லைனில் ஆடுகிறானாமே" என்று போடியில் பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். இது ரம்மி இல்லை, மாதச் சந்தாதான் என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ரம்மி என்று கிளப்பிவிட்ட சித்தப்பாவோ குமுளிக்குப் போனால் கேரளா லாட்டரி வாங்காமல் திரும்ப மாட்டார்! அவரை யார் கேட்பது?

அப்புறம், டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐக் கொடுத்தவருக்கு நன்றி. தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள்.